தோல் தட்டிய கை, கோடி குவித்த கை

1848-ம் ஆண்டு மார்ச் மாதம் 29-ந் தேதி நியூயார்க் நகரில் 84 வயது முதியவர் ஒருவர் காலமானார். அவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு சுமார் 2 கோடி டாலர். அன்றைய அமெரிக்காவில் அவருக்கு நிகரான செல்வந்தர் வேறு எவரும் இல்லை.

அவர் பெயர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர்.

அவர் பிரபுக்கள் வீட்டில் பிறந்தவரா? இல்லை. கசாப்புக் கடைக்காரரின் மகன். பெரிய படிப்புப் படித்தவரா? அதுவும் இல்லை. அவருடைய ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை கடைசி வரை போகவில்லை. அப்படியானால் இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது?

இருண்ட கிடங்கு ஒன்றில், விலங்குத் தோல்களைக் குச்சியால் அடித்து, தூசியும் பூச்சியும் போக உதறும் வேலையில் இருந்து வந்தது.

கசாப்புக் கடைக்காரர் மகன்

ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகருக்கு அருகே வால்டார்ப் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1763-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி ஆஸ்டர் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தையின் கடையில் வேலை இருந்தது, வருமானம் இல்லை. அண்ணன்மார் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். ஓர் அண்ணன் லண்டனில் இசைக் கருவிகள் செய்து விற்றார். இன்னோர் அண்ணன் அமெரிக்காவில் கசாப்புக் கடை வைத்திருந்தார்.

தம்பிக்கும் ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. பதினாறு பதினேழு வயதில் ஒரு துணி மூட்டையுடன் புறப்பட்டார். ரைன் நதியில் மரங்களைத் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டுக் கொண்டு போவார்கள். அந்தத் தெப்பத்தில் கூலி வேலை செய்து கப்பல் கட்டணத்தைச் சம்பாதித்தார் என்று சொல்வார்கள்.

லண்டனில் அண்ணனிடம் சேர்ந்தார். புல்லாங்குழல் செய்யக் கற்றார். ஆங்கிலம் பேசக் கற்றார். காசைக் காசாகச் சேர்த்தார்.

அமெரிக்கா இங்கிலாந்துடன் போரிட்டு விடுதலை பெற்ற சமயம் அது. 1783-ல் சமாதானம் ஏற்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில், கொஞ்சம் பணமும் விற்பதற்குச் சில புல்லாங்குழல்களும் எடுத்துக்கொண்டு ஆஸ்டர் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 20.

கப்பலில் கிடைத்த செய்தி

அந்த ஆண்டு குளிர் கடுமை. அமெரிக்கக் கரையை நெருங்கிய கப்பல், செசபீக் விரிகுடாவில் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டது. கரை கண்ணுக்குத் தெரிகிறது, கப்பல் நகரவில்லை. வாரக் கணக்கில் அப்படியே நின்றது.

பொழுது போகாத பயணிகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தோல் வியாபாரி. காட்டில் வாழும் பழங்குடி மக்களிடம் மணியும் கத்தியும் கம்பளியும் கொடுத்து, மயிர் அடர்ந்த விலங்குத் தோல்களை வாங்கலாம் என்றும், அதை லண்டனில் பல மடங்கு விலைக்கு விற்கலாம் என்றும் அவர் சொன்னார்.

மற்றவர்கள் அதைக் கதையாகக் கேட்டார்கள். ஆஸ்டர் மனத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

கிடங்கில் கூலி வேலை

1784-ம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் நியூயார்க் வந்து சேர்ந்தார். முதலில் ஒரு ரொட்டிக் கடைக்காரரிடம் சேர்ந்து தெருவில் கேக் விற்றார் என்பார்கள். பிறகு ராபர்ட் பௌன் என்ற வியாபாரியின் தோல் கிடங்கில் வேலைக்கு அமர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது மிகவும் கீழான வேலை.

காட்டில் இருந்து வரும் தோல் மூட்டைகளை அவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு தோலையும் விரித்துக் குச்சியால் தட்ட வேண்டும். தூசி பறக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். மயிருக்குள் அந்துப்பூச்சி முட்டையிட்டிருக்கும். புழுக்கள் வெளிவந்துவிட்டால் மயிரைத் தின்றுவிடும். விலையுயர்ந்த தோலும் சில வாரங்களில் குப்பையாகிவிடும். ஆகவே ஒரு முறை தட்டினால் போதாது. கோடை முழுவதும் திரும்பத் திரும்ப எடுத்துத் தட்டி, உதறி, காற்றாட வைக்க வேண்டும்.

ஆஸ்டர் முகம் சுளிக்கவில்லை. தட்டும்போதே தோலைக் கவனித்தார்.

குளிர்காலத்தில் பிடித்த விலங்கின் தோலில் மயிர் அடர்த்தியாக இருக்கும். கோடையில் பிடித்ததில் மெலிந்திருக்கும். கொழுப்பைச் சரியாகச் சுரண்டாத தோல் அழுகும். நெருப்புக்கு அருகே அவசரமாக உலர்த்திய தோல் வெடிக்கும். இவற்றையெல்லாம் விரலாலேயே கண்டறியப் பழகினார்.

நல்ல தோலில்கூட ஒரு கிழிசல் இருக்கும். கத்தி பட்டிருக்கலாம், பொறி கடித்திருக்கலாம். மேலங்கிக்குப் போகும் தோலானால் அதைச் செப்பனிட வேண்டும். தோல் தைப்பவர்கள் அதைப் புரட்டிப் போட்டு, உட்புறத்தை ஈரமாக்கி இளக்குவார்கள். மயிர் தையலில் சிக்காதபடி ஒதுக்கிவிட்டு, மெல்லிய ஊசியால் நெருக்கித் தைப்பார்கள். மயிர் உதிர்ந்து வழுக்கையான இடம் இருந்தால், அதைக் கண் போன்ற வடிவத்தில் வெட்டியெடுத்துவிட்டு இரண்டு கரைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். மயிர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதே பக்கம் சாய வேண்டும். மாறினால் ஒட்டுப் போட்டது காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தக் குறையை ஊசி மறைக்கும், எந்தக் குறையை மறைக்காது என்று தெரிந்தவன்தான் தோலுக்குச் சரியான விலை சொல்ல முடியும். இந்த வித்தைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கிடங்குதான் பள்ளிக்கூடம்.

பீவரின் இரண்டு மயிர்

அந்நாளில் எல்லாத் தோல்களுக்கும் ராஜா, பீவரின் தோல்.

பீவர் என்பது வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பிராணி. எலி, அணில் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் நல்ல நாய் அளவுக்கு வளரும். வால், துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கும். பல்லாலேயே மரத்தைக் கடித்து வீழ்த்தி, ஓடையின் குறுக்கே அணை கட்டி, நீரைத் தேக்கி, அதில் வீடு கட்டிக்கொள்ளும்.

அதன் உடலில் இரண்டு வகை மயிர் உண்டு. மேலே நீண்ட முரட்டு மயிர். அதற்கு அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். இந்த அடிமயிருக்குத்தான் அவ்வளவு விலை. மேல் மயிரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடிமயிரைச் சிரைத்து எடுப்பார்கள். அதை நெய்வது கிடையாது. சூடும் ஈரமும் கொடுத்து அமுக்கி உருட்டினால் மயிரோடு மயிர் பின்னிக் கெட்டித் துணியாகிவிடும். மழை நனைக்காது; வடிவம் கெடாது. ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிகள் இந்தத் துணியில்தான் செய்யப்பட்டன.

இதில் ஒரு விந்தை உண்டு. பழங்குடி மக்கள் பீவர் தோல்களைச் சேர்த்துத் தைத்து, மயிர்ப்பக்கம் உடலில் படும்படி குளிர்காலத்தில் போர்த்திக்கொள்வார்கள். ஓராண்டு, ஈராண்டு போர்த்தினால் முரட்டு மயிர் தானாகவே தேய்ந்து உதிர்ந்துவிடும். உடம்பின் எண்ணெயும் வியர்வையும் ஊறித் தோல் மிருதுவாகும். புதுத் தோலைவிட இப்படி உடுத்திப் பழசான அழுக்குத் தோலுக்கு நெடுங்காலம் ஐரோப்பிய வியாபாரிகள் அதிக விலை கொடுத்தார்கள்!

தொப்பிக் கடையில் பளபளத்த அந்தப் பொருளுக்குப் பின்னால் துன்பமும் இருந்தது. மயிர் எளிதில் பின்னுவதற்காகப் பட்டறைகளில் பாதரசம் கலந்த திராவகத்தைப் பூசினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்கள் பலருக்குக் கைநடுக்கமும் சித்தக் கலக்கமும் உண்டாயின.

மனைவியின் கண்

நியூயார்க்கில் ஒரு விதவைத் தாயாரின் விடுதி வீட்டில் ஆஸ்டர் தங்கினார். அந்த அம்மையாரின் மகள் பெயர் சாரா டாட். 1785-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. சாரா சீதனமாகக் கொண்டுவந்தது 300 டாலர்.

அந்தப் பணத்தைவிடப் பெரிய சீதனம் ஒன்றும் சாராவிடம் இருந்தது. அது அவருடைய கண். தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பதில் அவர் கணவரையே மிஞ்சிவிட்டார்.

அவர்களுடைய கடையில் ஒரு பக்கம் லண்டனில் இருந்து வந்த பியானோவும் புல்லாங்குழலும் இருந்தன. மறுபக்கம் தோல் மூட்டைகள். ஆஸ்டர் காட்டுக்குப் போகும் நாட்களில் சாரா கடையைப் பார்ப்பார், தோலைத் தட்டுவார், வாடிக்கைக்காரருடன் பேரம் பேசுவார், பிள்ளைகளையும் வளர்ப்பார்.

பிற்காலத்தில் செல்வம் பெருகிய பிறகும், விலையுயர்ந்த சரக்கு வந்தால் ஆஸ்டர் மனைவியைத்தான் கூப்பிடுவாராம். அப்போது சாரா, தம் வேலைக்கு மணிக்கு 500 டாலர் கூலி கேட்டு வாங்கித் தர்மத்துக்குச் செலவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கணவர் பேசாமல் கொடுத்தாராம். அந்தக் கண்ணின் மதிப்பு அவருக்குத் தெரியும்!

மூட்டை சுமந்த முதலாளி

ஆஸ்டர் சொந்தமாகத் தொழில் தொடங்கியதும் தரகர்களை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஹட்சன் நதி வழியே ஆல்பனிக்குப் போனார். அதற்கு அப்பால் காட்டுப் பாதையில் மூட்டையைத் தாமே சுமந்து நடந்தார். குடியிருப்புக் குடியிருப்பாகச் சென்று தோல் வாங்கினார்.

கனடாவில் மான்ட்ரியல் நகரம் அந்நாளில் தோல் வியாபாரத்தின் தலைநகரம். அங்கும் ஆண்டுதோறும் போனார். ஒரு தொல்லை இருந்தது. பிரிட்டிஷ் சட்டப்படி கனடாத் தோலை நேராக நியூயார்க்குக்குக் கொண்டுவர முடியாது. கடல் கடந்து லண்டனுக்குப் போய், மீண்டும் கடல் கடந்து வர வேண்டும். 1794-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு அந்தத் தடை நீங்கியது. கதவு திறந்ததும் முதலில் உள்ளே நுழைந்தவர்களில் ஆஸ்டர் ஒருவர்.

1800-ல் அவருடைய சொத்து சுமார் இரண்டரை லட்சம் டாலர் என்று கணக்கிடுகிறார்கள். ஆண்டு பதினாறுதான் ஆகியிருந்தது.

சீனா வரை

குளிரான வடசீனாவில் பணக்காரர்கள் மயிர்த்தோல் அங்கியை விரும்பினார்கள். ஆஸ்டரின் கப்பல்கள் காண்டன் துறைமுகத்துக்குத் தோல் கொண்டு போயின. திரும்பும்போது தேயிலையும் பட்டும் பீங்கானும் கொண்டுவந்தன. அவருடைய கப்பல்களில் ஒன்றின் பெயரே பீவர்!

1808-ல் அமெரிக்கன் பர் கம்பெனியைத் தொடங்கினார். மேற்குக் கோடியில், பசிபிக் கடலில் கொலம்பியா நதி கலக்கும் இடத்தில் ஒரு வியாபாரக் கோட்டை அமைக்கத் திட்டமிட்டார். 1811-ல் அது எழுந்தது. அதற்கு அஸ்டோரியா என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

அங்கே முதல் அணியை இறக்கிய கப்பல் டான்குவின். பழங்குடி மக்களிடம் மரியாதையாக நடக்க வேண்டும், கப்பலில் ஒரே நேரத்தில் பலரை ஏறவிடக் கூடாது என்று ஆஸ்டர் எச்சரித்தே அனுப்பியிருந்தார். கப்பல் தலைவர் முன்கோபி. வடக்கே வான்கூவர் தீவில் கடல் நீர்நாய்த் தோலுக்குப் பேரம் நடந்தது. விலை படியவில்லை. ஆத்திரத்தில் அவர் ஒரு பழங்குடித் தலைவரின் முகத்தில் தோலாலேயே அடித்து அவமானப்படுத்தினார் என்று சொல்கிறார்கள். சில நாட்களில் அந்த மக்கள் கப்பலைத் தாக்கினார்கள். மாலுமிகள் பெரும்பாலோர் மாண்டனர். பின்னர் வெடிமருந்து தீப்பற்றிக் கப்பல் சிதறியது. தாக்கியவர்களிலும் பலர் இறந்தார்கள்.

அடுத்து 1812-ல் இங்கிலாந்துடன் மீண்டும் போர் மூண்டது. 1813-ல் அஸ்டோரியா, கனடாக் கம்பெனி ஒன்றுக்கு அடிமாட்டு விலைக்குக் கைமாறியது. ஆஸ்டரின் பெரிய கனவு அத்துடன் முடிந்தது. ஆனால் அவர் தளரவில்லை. பெரிய ஏரிகளின் பக்கமும் மிசௌரி நதியின் பக்கமும் கம்பெனியை விரித்தார்.

காடு கொடுத்த விலை

ஆஸ்டரின் புகழைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

பழங்குடி மக்களுக்கு மதுவைக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. கம்பெனியின் ஆட்கள் அதை மீறிச் சாராயம் கொண்டு போனார்கள். போதையில் இருப்பவனிடம் தோல் மலிவாகக் கிடைக்கும் அல்லவா? பொறியும் துணியும் கடனாகக் கொடுத்தார்கள். கடனை அடைக்க இன்னும் அதிகமாக வேட்டையாட வேண்டியிருந்தது. பழங்குடி மக்களுக்கு நியாய விலையில் பொருள் கொடுக்க அரசாங்கமே கடைகள் நடத்திவந்தது. கம்பெனியும் அதன் நண்பர்களும் வற்புறுத்தியதால் 1822-ல் அந்தக் கடைகள் மூடப்பட்டன.

அபின் வியாபாரத்திலும் சில காலம் ஆஸ்டர் ஈடுபட்டார். துருக்கி நாட்டு அபினை வாங்கிச் சீனாவுக்கு அனுப்பினார்.

பீவரின் கதி என்ன? ஓடை ஓடையாக அழிந்தது. ஒரு பக்கம் விலங்கு தீர்ந்ததும் வேட்டைக்காரர்கள் அடுத்த பக்கம் போனார்கள். அணைகள் உடைந்தன, குளங்கள் வற்றின. அந்த நீரை நம்பிய மீனும் பறவையும் குறைந்தன. தோலில் சிறு துளை இருந்தாலும் கண்டுபிடிக்கும் ஆஸ்டரின் கண், காட்டில் விழுந்த இந்தப் பெரிய ஓட்டையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதைத் தைக்க முயலவில்லை.

பட்டுத் தொப்பி வந்தது

1830-களின் தொடக்கத்தில் ஆஸ்டர் ஐரோப்பாவில் இருந்தார். அங்கே பெரிய மனிதர்களின் தலையில் பீவர் தொப்பிக்குப் பதில் பட்டுத் தொப்பி ஏறியிருப்பதைக் கண்டார். ஐம்பது ஆண்டுப் பழக்கம் உடனே கணக்குப் போட்டது. இனித் தோலுக்கு மவுசு குறையும்!

1834-ல் தம் பங்கை விற்றுவிட்டுத் தோல் வியாபாரத்தில் இருந்து விலகினார். பணத்தை நியூயார்க் நகர மனைகளில் போட்டார். நகரம் வளர்ந்தது, வாடகை வளர்ந்தது. 2 கோடி டாலரில் பெரும் பங்கு அந்த மண்ணில் இருந்து வந்தது. அதற்கு முதல் கொடுத்தது தோல்.

கம்பளியில் ஆடிய கிழவர்

செல்வம் இருந்தது, நிம்மதி முழுமையாக இல்லை. அவர் பெயரையே தாங்கிய மகனுக்கு மனநோய். எத்தனை வைத்தியம் செய்தும் தீரவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்டருக்குப் பாலைத் தவிர வேறு உணவு செல்லவில்லை. நடக்க முடியாது. உடலில் ரத்தம் ஓட வேண்டும் என்று, அவரைக் கம்பளியில் கிடத்தி நான்கு மூலையையும் பிடித்து மெல்லக் குலுக்குவார்களாம்.

அப்போது நடந்ததாக ஒரு கதை வழங்குகிறது. கம்பளியில் கிடந்தபடியே அவர், வாடகை பாக்கி வைத்திருந்த ஒரு கிழவியைப் பற்றிக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டார். அவளிடம் பணம் இல்லை என்ற பதிலை அவர் ஏற்கவில்லை. கணக்குப்பிள்ளை மகன் வில்லியத்திடம் போய்ச் சொன்னார். மகன் தம் பணத்தை எடுத்துக் கொடுத்து, கிழவி கட்டிவிட்டதாகச் சொல்லச் சொன்னார். தந்தைக்கு ஒரே மகிழ்ச்சியாம்.

மிஞ்சியது

உயிலில் இரண்டு நல்ல காரியங்கள் செய்திருந்தார். நியூயார்க் மக்களுக்கு நூலகம் அமைக்க 4 லட்சம் டாலர் எழுதி வைத்தார். 1854-ல் அது திறக்கப்பட்டது. 1895-ல் உருவான நியூயார்க் பொது நூலகத்துக்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் அதுவும் ஒன்று. பிறந்த ஊரான வால்டார்பின் ஏழைகளுக்காக 50 ஆயிரம் டாலர் வைத்தார். அங்கே அவர் பெயரில் ஒரு இல்லம் எழுந்தது. தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை, சொந்த ஊரின் ஏழைப் பிள்ளைகளை மறக்கவில்லை.

அவருடைய கொள்ளுப்பேரன் ஒருவர், அதே ஜான் ஜேக்கப் என்ற பெயருடையவர், 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது இறந்தார்.

நியூயார்க்கில் ஆஸ்டர் பிளேஸ் என்ற சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. அதன் சுவரில் பீவர் மரத்தைக் கடிப்பது போன்ற ஓடுகள் பதித்திருக்கிறார்கள். ரயிலுக்கு ஓடும் கூட்டத்தில் அதை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

அந்த நகரில் உயிருள்ள பீவரை இருநூறு ஆண்டுகளாக யாரும் பார்க்கவில்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலக் காடுகளில் அதைக் கொண்டுவந்து விட்டார்கள்; வேட்டைக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். மெல்ல மெல்லப் பெருகியது. 2007-ம் ஆண்டு நகருக்குள் பிராங்க்ஸ் ஆற்றில் ஒரு பீவர் வந்து வீடு கட்டிக்கொண்டது! மக்கள் அதைக் கொண்டாடினார்கள்.

கீழான வேலை என்று எதுவும் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துச் செய்தால் எந்த வேலையும் மனிதனை உயர்த்தும். ஆஸ்டரின் வாழ்க்கையில் நம் பிள்ளைகள் கற்க வேண்டியது இது. அந்தக் கண், தன் லாபத்தோடு நின்றுவிடாமல் பிறர் படும் நஷ்டத்தையும் பார்க்க வேண்டும். இதையும் அதே வாழ்க்கைதான் கற்பிக்கிறது.